நீர்கொழும்பில் ஒரு கை மணல்

கடைசி நாளுக்கு மட்டும் நான் எந்தத் திட்டமும் போடவில்லை. மற்ற ஐந்து நாட்களுக்கும் போட்டிருந்தேன். எத்தனை மணிக்கு எழுவது, எந்தக் கோயில், எந்தத் தேயிலைத் தோட்டம், மதியச் சாப்பாடு எங்கே என்று அலுவலகக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டி அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன். கடைசிக் கட்டத்தில் இரண்டே வரிகள். ஒன்பதரைக்கு பஸ். ஒரு மணிக்கு விமானம்.

இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த வருடங்கள் அவை. சென்னையிலிருந்து சுற்றுலாக் குழுக்கள் போய் வரத் தொடங்கியிருந்தன. எங்கள் அலுவலகம் சிறுசேரிக்கு மாறுவதற்கு முந்தைய காலம். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் முடிந்து வந்த போனஸில் அம்மாவுக்கும் நைனாவுக்கும் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தேன். கடப்பாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து வெளிநாடு போனவர்கள் உண்டு. எல்லோரும் வேலைக்குப் போனவர்கள். சுற்றிப் பார்ப்பதற்கென்று விமானம் ஏறிய முதல் குடும்பம் நாங்கள்தான். இதை அப்போது எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. இப்போதும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசல் மிதித்த முதல் ஆள் நான். நைனா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அம்மா கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ்ஸேறி, அச்சரப்பாக்கம் வரை போய்த் தெருத்தெருவாக விற்பவள். சின்ன வயதில் அந்தக் கூடைப் பக்கம் நான் போனாலே ஒரே அதட்டல்தான் வரும். "தொடாத. போயி படி." செய்யூரில் பள்ளி, பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி என்று நான் படித்து முடிக்கும் வரை, மீன் விற்கிறவள் மகளாக இருந்தும் ஒரு மீனைக்கூட நான் கையால் தொட்டு விற்றதில்லை. அதில் அம்மாவுக்குப் பெருமை. எனக்கும்தான்.

அந்தப் பெருமைதான் பயணத்தின் முதல் நாளே என் வாயைத் திறக்க வைத்தது. பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து வரிசையில் கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவர் கணவரும் இருந்தார்கள். கணவருக்கு அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. அந்தம்மா என் படிப்பை, வேலையைக் கேட்டுவிட்டு, "உங்கம்மா என்ன பண்றாங்க?" என்றார்.

"பிசினஸ்" என்றேன்.

அன்று ஓட்டல் அறையில் புடவையை மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

"பிசினஸ்னா இன்னாடி?"

"வியாபாரம்."

"அப்ப மீன் வியாபாரம்னு சொல்ல வேண்டியதுதான?"

நான் பல் தேய்க்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சு குறைந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. சத்தமாகப் பேசாதே, தட்டில் கை கழுவாதே, அதைத் தொடாதே, இதைக் கேட்காதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். விமான நிலையத்தில் படிவம் நிரப்பியது நான், ஓட்டலில் பேசியது நான், சாப்பாடு சொன்னது நான். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். சுற்றிப் பார்த்த இடங்களில் பத்து அடி பின்னால் நடந்தாள். கண்டியில் ஒரு நாள் நைனாவிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. "இட்டுனு வந்து பொம்மையாட்டம் உக்கார வெச்சிக்கிது. சோறு மட்டும் வேளைக்கு வந்துனு கீது."

கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதற்காக நீர்கொழும்பில் தங்கினோம். விடிந்தும் விடியாமலும் நான் கண் விழித்தபோது அம்மா குளித்து, தலை முடிந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதவருகே நின்றிருந்தாள்.

"கரையில ஏலம் ஓடுது" என்றாள்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காற்றாடி சுற்றுவதுதான் கேட்டது. நைனா அதற்குள் லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார். "கேக்குது மே" என்றார்.

ஆறு நாளில் அம்மாவாக ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஏழரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி நானும் கிளம்பினேன். மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும் என் கைப்பையில் இருந்தது. அவர்களைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு தெரு தாண்டியதும் கடல். மணலில் கயிற்றுப் பாய்களை வரிசையாக விரித்து மீன் காயப்போட்டிருந்தார்கள். பார்க்கும் தூரம் வரை பாய்கள்தான். அம்மா குனிந்து ஒரு கருவாட்டை எடுத்து, ஒடித்து, நுனியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு பத்தல" என்று இருந்த இடத்தில் வைத்தாள். அவள் முகத்தில் ஐந்து நாளாக இல்லாத ஒன்று வந்திருந்தது. நடையே மாறிவிட்டது. இப்போது நான்தான் பத்து அடி பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

நைனா ஒரு பக்கமாகக் கட்டை கட்டிய பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்தார். அவ்வளவுதான். "தோ வந்துட்றேன்" என்று போனவரை அதற்குப் பிறகு வெகு நேரம் காணவில்லை.

ஏலம் நடந்த இடத்தில் ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். குவியல் குவியலாக மீன். ஏலம் விடுகிறவர் சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை விலையைக் கூவிக்கொண்டு குவியலுக்குக் குவியல் நகர்ந்தார். அம்மா கூட்டத்துக்குள் தோளைக் கொடுத்து முன்வரிசைக்குப் போய்விட்டாள். எப்படிப் போனாள் என்று நான் பார்க்கவே இல்லை. நான் வெளியே நின்று எட்டிப் பார்த்தேன்.

அவள் முன்னால் ஒரு கானாங்கெளுத்திக் குவியல். விடியற்காலை வலையில் வந்தது. முதுகு இன்னும் பச்சை மினுமினுப்போடு இருந்தது. அதை வாங்க நான்கு பெண்கள் நின்றார்கள். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் ஒரு விலை சொன்னார். மற்ற மூவரும் கடலைப் பார்த்தார்கள், ஆகாயத்தைப் பார்த்தார்கள், ஒருத்தி கொண்டையை அவிழ்த்துக் கட்டினாள். ஏலக்காரர் கூவிக் கூவிப் பார்த்தார். விலை ஏறவில்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. எங்கள் கரையிலும் இதே கதைதான். பெண்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஒருத்தி மட்டும் கேட்பாள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மலிவாக எடுத்தபின் ஓரமாகப் போய்ப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். அம்மா இருபது வருடமாக அந்தக் கூட்டணியில் இருந்திருக்கிறாள், அதை உடைத்தும் இருக்கிறாள்.

ஏலக்காரர் கடைசித் தடவையாகக் கூவினார். அப்போது அம்மாவின் குரல் கேட்டது. ஒரு படி கூட்டி ஒரு விலை. சொன்ன கையோடு குனிந்து, கீழே இருந்து ஒரு கை மணலை அள்ளிக் குவியல் மேல் போட்டாள்.

எங்கள் கரையில் விலை படிந்தால் அப்படித்தான். மணல் விழுந்த மீன் விற்ற மீன். அதன்பின் யாரும் அதன்மேல் கேட்க மாட்டார்கள், தொட மாட்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலும் அதே வழக்கம் என்பது அந்த நொடியில்தான் எங்கள் இருவருக்கும் தெரிந்தது. ஏலக்காரர் அம்மாவை நோக்கிக் கையை நீட்டி ஏதோ சொல்லிவிட்டு, அடுத்த குவியலுக்கு நகர்ந்துவிட்டார்.

அம்மா தன் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தானா போச்சுடி" என்றாள்.

"என்னது தானா போச்சு? அம்மா, நமக்கு ஒரு மணிக்கு ஃப்ளைட்டு!"

"தெரியும், கத்தாத."

"மாத்திக்கச் சொல்லு அவர்கிட்ட. தெரியாம போட்டுட்டேன்னு சொல்லு."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போட்ட மணலை எடுக்கச் சொல்கிறவளை அவள் அதுவரை பார்த்ததில்லை. சுருக்குப்பையை எடுத்தாள். ஊருக்குத் திரும்பும்போது சொந்தக்காரர்களுக்கு ஏதாவது வாங்கிக்கொள் என்று முதல் நாள் நான் மாற்றிக் கொடுத்த இலங்கைப் பணம் அப்படியே இருந்தது. அத்தனையும் ஏலக்காரரிடம் போனது. அவள் தங்கைக்குப் புடவை, பக்கத்து வீட்டுக்குத் தேயிலை, மச்சினருக்கு டார்ச் லைட்டு எல்லாம் இப்போது மணலில் கானாங்கெளுத்தியாகக் கிடந்தன.

தொப்பி போட்ட பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். தமிழ்தான். "நீங்க ஆரு? எங்க இருந்து வாறீங்க?"

"கடப்பாக்கம்."

"அது எங்க?"

"மகாபலிபுரம் தாண்டி" என்றேன் நான். அவர் முகம் மாறவில்லை. "இந்தியா" என்றேன்.

"இந்தியாவில இருந்து வந்து எங்கட விலையை உடைக்கிறீங்களோ?"

அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "உடைக்கணும்னு இல்ல தங்கச்சி. மீன் நல்ல மீனு. நீங்க கேட்ட விலை மீனுக்கு மரியாதையா? வா, பங்கு வெச்சிக்கலாம். நாலு பேரும் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்குங்க."

தொப்பிக்காரர் திரும்பி மற்ற மூவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நால்வரும் சிரித்தார்கள். "எங்களுக்கு வேணாம். மணல் போட்டது நீங்கதானே. நீங்களே வித்துக்கொள்ளுங்க."

அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் கரையில் வெளியூர்க்காரி ஒருத்தி இப்படிச் செய்திருந்தால் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். எடுத்த மீனைக் கரையில் விட்டுவிட்டுப் போனால் பணம் போகும் என்பதல்ல விஷயம். அந்த நால்வரும் அதை வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பார்கள். விற்கத் தெரியாமல் வாங்கியவள் என்ற பேரைவிட ஒரு மீன்காரிக்குக் கேவலம் கிடையாது. கூடை இல்லை, தராசு இல்லை, தெரிந்த முகம் ஒன்று இல்லை. பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது.

"இன்னிக்கி இன்னா கிழம?" என்றாள் அம்மா.

ஊர் சுற்றியதில் கிழமை எல்லாம் மறந்திருந்தது. என் அச்செடுத்த தாளைப் பார்த்துச் சொன்னேன். "வெள்ளி."

அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "போச்சு. வெள்ளிக்கெழம! எவ வூட்ல மீன் வாங்குவா?"

எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமை மீன் விலை போகாது. பாதி வீட்டில் அன்றைக்கு விளக்கு, விரதம். அம்மா வெள்ளிக்கிழமைகளில் கூடையே தூக்க மாட்டாள். அவள் அடித்துக்கொண்டதைப் பார்த்துத் தொப்பிக்காரர் நின்றார். விஷயம் என்னவென்று கேட்டார். நான் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு பொங்கி வந்துவிட்டது. கோபத்தில் இருந்தவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயோ அக்கா! இஞ்ச நாங்க எல்லாம் கோயிலுக்குப் போற சனம். வெள்ளிக்கிழமை இறைச்சி தொட மாட்டம். மீன் இல்லாத வீடே இருக்காது இண்டைக்கு!"

பிறகுதான் பார்த்தேன். தெருமுனையில் மாதா கோயில் கோபுரம். முந்தின நாள் மாலை பஸ்ஸில் வரும்போது அதைப் போட்டோகூட எடுத்திருந்தேன்.

அம்மா கிளம்பிவிட்டாள். சொல்லப்போனால் பறந்தாள். ஒரு ஐஸ் பெட்டிக் கடையில் கேட்டு இரண்டு அட்டைப்பெட்டிகளை வாங்கினாள், என்ன மொழியில் கேட்டாளோ தெரியாது. பெட்டியில் மீனை அள்ளி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு சாலையோரம் வரை வந்தோம். இரண்டு தடவை நடந்தோம். பெட்டிகளைக் கிழித்துத் தரையில் விரித்தாள். தராசு இல்லாததால் கூறு போட்டு விற்பதாக முடிவு. கூறுக்கு ஐந்து மீன்.

"மாளு! மாளு!" என்று ஒரு குரல் கிளம்பியது. சிங்களத்தில் மாளு என்றால் மீன். ஏலத்தில் நின்ற கால் மணி நேரத்தில் அம்மா அதைப் பொறுக்கியிருந்தாள். அச்சரப்பாக்கம் தெருக்களில் மூன்று வீடு தள்ளிக் கேட்கும் குரல். ஆறு நாளாக நான் அடக்கி வைத்திருந்த குரல்.

நான் ஏழடி தள்ளி, ஒரு மின்கம்பத்தின் பக்கத்தில், வேறு யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி நின்றேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நின்றேன்.

முதலில் ஒரு வயதான பெண் வந்தார். செவுளைத் திறந்து பார்த்தார், விரலால் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அம்மாவும் இன்னொரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்து காட்டினாள். ஒருவருக்கு ஒருவர் மொழி தெரியாது. இருவரும் தலையை ஆட்டினார்கள். விரலால் விலை. போணி ஆகிவிட்டது. அம்மா அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து ஸ்கூட்டரில் ஒருவர். அடுத்து பள்ளிச் சீருடைப் பெண்ணோடு ஒரு தாய். பிறகு ஒரே நேரத்தில் நான்கு பேர். ஒருவர் கூறைக் கலைத்து வேறு மீன் பொறுக்கினார், இன்னொருவர் மீதிச் சில்லறைக்குக் கையை நீட்டினார், மூன்றாமவர் கூறைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா நிமிர்வதற்காகக் காத்திருந்தார். அம்மாவுக்கு இரண்டு கைதானே.

நான் போய் உட்கார்ந்தேன். புதுச் சுடிதாரோடு அப்படியே சாலையோர மண்ணில். மீனை அள்ளினேன்.

"தொடாத!" என்றாள் அம்மா. வாய்ப்பழக்கம்.

"நீ அந்தாளுக்குச் சில்லற குடு."

அம்மா ஒரு கணம் என் கையைப் பார்த்தாள். பிறகு சில்லறையைக் கொடுக்கத் திரும்பினாள். கானாங்கெளுத்தி நான் நினைத்ததைவிடக் கனமாக, வழுக்கலாக, குளிர்ச்சியாக இருந்தது. நான் வைத்த முதல் கூறைப் பார்த்து அம்மா தலையில் கை வைத்தாள். "இன்னாடி இது, குப்ப கொட்ன மாதிரி! கண்ணெல்லாம் ஒரு பக்கமா பாக்கணும். பெருச மேல வையி. கம்ப்யூட்டர்ல இத சொல்லித் தர்லியா?"

எனக்குச் சூடு பிடித்துவிட்டது. "மாளு!" என்று நானும் கத்தினேன். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை ஒரு நாய் எழுந்து பார்த்தது. மூன்றாவது தடவை ஒரு ஆட்டோ நின்றது. என் வாழ்க்கையில் என் பேச்சைக் கேட்டு ஒரு வண்டி நின்றது அதுதான் முதல். தேர்வு முடிவு வந்த நாள்கூட இத்தனை துள்ளவில்லை நான்.

ஒரு டீச்சர் வந்தார். என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு அது போதாதா, நானும் ஆங்கிலத்தில் பேசி, அவர் கேட்ட விலைக்குச் சிரித்துக்கொண்டே ஒரு கூறைக் கொடுத்துவிட்டேன். அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"இங்கிலீஷ் பேசுனா விலய கொறச்சிடுவியா? இன்னொருத்தி வந்து பிரெஞ்சு பேசுனா சும்மா குடுப்பியா?"

எட்டரை மணி இருக்கும். பாதிக்கு மேல் விற்றிருந்தோம். அம்மா திடீரென்று என் முழங்கையைத் தட்டினாள். "டீ. அதோ வர்றாங்க உன் கல்பாக்கத்தம்மா. பிசினஸ் பண்றாங்கன்னு சொன்ன இல்ல? வந்து பாக்கச் சொல்லு."

டவுன்ஷிப் அம்மாவும் கணவரும் காலை நடைக்கு வந்திருந்தார்கள். கணவர் கழுத்தில் கேமரா. ஒளிவதற்கு இடம் தேடினேன். என் முன்னால் இருந்தது அட்டையும் மீனும்தான். அந்தம்மா எங்களைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தார்.

"நீங்களா? என்னங்க இது?"

வாய் வரை நான்கைந்து பொய்கள் வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "அம்மா மீன் வியாபாரம்ங்க. காலைல ஏலத்துல எடுத்துட்டாங்க. பஸ்ஸுக்கு முன்னாடி விக்கணும்" என்றேன்.

அந்தம்மா என்னை ஒரு நொடி பார்த்தார். முதல் நாள் நான் சொன்னது அவருக்கு நினைவிருந்தது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. கணவரிடம் திரும்பி, "நீங்க போயி கைடுகிட்ட சொல்லுங்க. பஸ்ஸ ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வைக்கட்டும்" என்றார். கணவர் ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் போனார். அந்தம்மாவும் பெட்டி கட்ட வேண்டும் என்று பின்னாலேயே போனார்.

அப்போது நைனா வந்தார். இடுப்பு வரை ஈரம். கையில் பால் இல்லாத தேநீர்க் குவளை ஒன்று. ஒரு படகைத் தள்ளிக்கொடுக்கப் போய், வலையை இழுத்துக்கொடுத்து, அவர்கள் வாங்கிக்கொடுத்த தேநீரோடு வந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாமே, கட தொறந்துட்டியா? ஏரோப்ளேன்ல மீன்கூடய ஏத்துவானான்னு கேட்டியா?"

"யோவ், நக்கல் அப்பறம் பண்ணு. ரூமுக்குப் போயி பெட்டிய எல்லாம் எடுத்து பஸ்ல போடு. லுங்கிய மாத்து. இதே கோலத்துல ஏறுனா எறக்கி விட்ருவான்."

நைனா குவளையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

ஒன்பது இருபதுக்கு நான்கு கூறு மிச்சம். கூட்டம் வடிந்துவிட்டது. வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள். வெயில் ஏறியது. அம்மா ஒரு டப்பாவில் மொண்டு வந்திருந்த கடல் தண்ணீரை மீன் மேல் தெளித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் சுற்றுலா வழிகாட்டி, கொழும்புக்காரர், தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "மிஸ்! எல்லாரும் ஏறிட்டாங்க! இனி ஏர்போர்ட்ல வரிசை நிக்கும்!"

ஒரு சைக்கிள்காரர் நின்றார். நான்கையும் எடுத்துக்கொள்கிறேன், பாதி விலை என்று விரலால் காட்டினார். எனக்கு உயிர் வந்தது. "குடுத்துடும்மா!"

அம்மா தலையை ஆட்டினாள். முடியாது.

"அம்மா, ப்ளீஸ். பாதி விலைன்னா என்ன? நாளைக்கு நாம இங்க இல்லவே இல்ல!"

"நாம இல்லன்னா இன்னா?" அம்மா எதிர்ச்சாரியைக் காட்டினாள். தொப்பிக்காரர் அங்கே தன் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "இவங்க இருப்பாங்க இல்ல. காத்தால வித்த மீனு ஒம்போது மணிக்குப் பாதி விலைக்கு வந்துச்சுன்னா, நாளைக்கி எவன் காத்தால வாங்குவான்? ஒம்போதாவட்டும்னு வூட்லயே உக்காந்துருப்பான். நம்ம பாட்டுக்கு ஏரோப்ளேன் ஏறி பூடலாம். கெடுத்துட்டுப் போறதா?"

சைக்கிள்காரர் போய்விட்டார். வழிகாட்டி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. கை முழுக்கச் செதில். கைக்குட்டை பையில், பையைத் தொட்டால் பாஸ்போர்ட்டில் மீன் வாடை.

எதிர்ச்சாரியில் கத்திச் சத்தம் நின்றது. தொப்பிக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பேசியது முழுதும் சாலையைத் தாண்டி அவருக்குக் கேட்டிருக்கிறது. எப்படிக் கேட்காமல் போகும், அந்தக் குரல்.

அந்நேரம் ஒரு வேன் அவர் கடை முன்னால் வந்து நின்றது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதி ஒன்றின் சமையல்காரர், பெரிய அலுமினியச் சட்டியோடு இறங்கினார். தொப்பிக்காரருடைய வாடிக்கை என்பது அவர்கள் சிரித்துக்கொண்டதிலேயே தெரிந்தது. தொப்பிக்காரர் அவரிடம் ஏதோ சொன்னார். சமையல்காரர் சட்டியோடு சாலையைக் கடந்து எங்களிடம் வந்தார்.

மீன் வியாபாரத்தில் எதை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பார்கள், வாடிக்கையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அம்மா அப்படியே நின்றாள். எதிர்ச்சாரியிலிருந்து தொப்பிக்காரர் கத்தியை ஆட்டிச் சத்தம் போட்டார். "என்ன அக்கா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? சட்டியில போடுங்க! முழு விலை சொல்லி இருக்கிறன். குறைச்சீங்களெண்டா பாருங்க!"

நான்கு கூறும் சட்டிக்குள் விழுந்தன. சமையல்காரர் முழு விலையைக் கொடுத்தார்.

அம்மா அட்டையை உதறி மடித்து ஓரமாக வைத்தாள். ஒரு மீன் இல்லை, ஒரு வால் இல்லை. எனக்கு எம்பிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தும் விட்டேன். வழிகாட்டியும் தன்னை மறந்து கை தட்டிவிட்டார். அம்மா சாலையைக் கடந்து ஓடி, தொப்பிக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இருவர் கையும் ஒரே ஈரம். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளைப் பிடித்துப் பஸ் பக்கம் தள்ளினார்.

நாங்கள் ஓடினோம். அம்மா புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னால் வழிகாட்டி. பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"அக்கா! நாளைக்கும் வாறதோ?"

அம்மா ஓடிக்கொண்டே திரும்பினாள். "எடம் புடிச்சி வைமே!"

ஓட்டல் குழாயில் முழங்கை வரை கழுவிவிட்டுப் பஸ்ஸில் ஏறியபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நைனா முன் இருக்கையில் வேட்டி சட்டையில், ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருந்தார். நான் எங்கள் ஜன்னலோர இருக்கைக்கு வழி விட்டு நின்றேன். அம்மா அங்கே போகவில்லை. டவுன்ஷிப் அம்மா கணவரைப் பின் வரிசைக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து இருக்கையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்திருந்தார். அம்மா அதில் உட்கார்ந்தாள்.

பஸ் கிளம்பியது. அந்தம்மா, "எல்லாம் வித்துடுச்சா?" என்றார்.

"பூரா வித்துடுச்சு" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறு நாளில் முதல் தடவையாக அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நீங்க கல்பாக்கத்துல மீனு யாராண்ட எடுக்கறீங்க?"

"மார்க்கெட்லதான். ஆனா நல்லா இருக்கறதே இல்லீங்க. ஐஸ்ல வச்ச மீன்தான் வருது."

"ஐஸ்ல வெச்சா தர்றான்?" அம்மா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். "கடப்பாக்கத்துலேர்ந்து உங்களுக்கு எவ்ளோ தூரம், ஒரு பஸ்ஸு. காத்தால புடிச்சத பத்து மணிக்கு உங்க வூட்டு வாசல்ல எறக்கறேன். டவுன்ஷிப்ல உங்க தெருவுல எத்தினி வூடு?"

அந்தம்மா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.